ஆடுகளத்துத் துயரும் நம் கடமையும்

கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் சடுகுடு என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அஃது ஊரின் மானம். அறுவடை முடிந்த வயலும், கோயிலுக்கு முன்னுள்ள வெளியும், பள்ளிக்கூடத்துத் திடலும் ஆடுகளங்களாகின்றன. பொங்கலை ஒட்டியும் திருவிழாக் காலங்களிலும் ஊர்தோறும் போட்டிகள் நடக்கின்றன. பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், நடுவே ஒரு கோடு, இருபுறமும் எழுவர். இதற்கு மேல் முதலீடு எதுவும் தேவை இல்லை. காலணி வாங்க இயலாதவனும் இவ்விளையாட்டில் வீரனாகலாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கலைக் கல்லூரிகளுக்கு வந்து பயிலும் மாணவர் பலர் இத்தகைய மண் களங்களில் ஆடி வளர்ந்தவர்களே.

அத்தகைய களம் ஒன்றில்தான் அந்தத் துயரம் நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பண்ருட்டியை அடுத்த மானடிக்குப்பத்தில் கபடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பாடிச் சென்ற கல்லூரி மாணவர் ஒருவர் பிடிபட்டு விழுந்தார், எழ முயன்றார், முடியவில்லை. பண்ருட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அவர் உயிர் பிரிந்துவிட்டது. இருபதைச் சற்றே கடந்த வயது. அவர் வென்ற கோப்பையையும் உடன் வைத்து அவரை அடக்கம் செய்தனர். காவல் துறையினர் வழக்குப் பதிவு செய்து விசாரித்தனர். அவர் இறந்த காட்சி அடங்கிய காணொளியோ, அடக்கம் முடிவதற்குள் கைப்பேசிதோறும் பரவியது.

அம்மாணவரின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. அக்காட்சியை விவரிக்கப் போவதும் இல்லை. அதற்கான காரணம் இக்கட்டுரையின் போக்கில் விளங்கும்.

ஆட்டத்தின் நடுவே ஓர் உயிர் எதிர்பாராமல் பிரிந்துவிட்டால், விளையாட்டுலகைச் சேர்ந்த நாம் ஊரறிய என்ன சொல்ல வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? எதைச் செய்யக் கூடாது? ஆடுவதற்கு விதி எழுதி வைத்திருக்கிறோம். இதற்கு எழுதி வைக்கவில்லை. அந்த நேரத்தில் நாம் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மூவர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவர், மகனை இழந்த தாய். மற்றொருவர், அவனை எதிர்த்து ஆடிய இளைஞர். மூன்றாமவர், நாளை அதே களத்தில் இறங்கப் போகும் சிறுவன். இம்மூவரில் எவரையும் மறவாமல் பேசுவதே முறையான பேச்சு.

விபத்து என்றால் என்ன?

விளையாட்டில் நேரும் மரணத்தைக் கேள்வியுற்றவுடன் மக்கள் இருவகையாகப் பேசுவர். ஒரு சாரார் ‘எல்லாம் விதி’ என்பர். மறு சாரார் ‘வேண்டும் என்றே அடித்துவிட்டான்’ என்பர். முதற்கூற்று ஆராய வேண்டியதை மூடி மறைக்கிறது. இரண்டாம் கூற்று ஆராயாமலே தீர்ப்பு வழங்குகிறது.

மருத்துவ அறிவியல் கூறும் உண்மை ஒன்றைக் காண்போம். நல்ல உடல்நலம் உடைய இளைஞனின் மார்பில், இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி பட்டால், இதயத்தின் சீரான இயக்கம் குலைந்து அது வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். அக்கணம் நொடியில் நூற்றில் சில பங்கே நீளும். அதே அடி சற்று முன்போ பின்போ பட்டிருந்தால் அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். அடி வலிமையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பந்து பட்டும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. வேறு சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் உள்ள குறை, ஓடி ஆடும்போது வெளிப்படும். இன்னும் சிலருக்குத் தலையிலோ கழுத்திலோ பட்ட அடி உள்ளே குருதிக் கசிவை உண்டாக்கும். புறத்தே நின்று பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். எது காரணம் என்பதைப் பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவரே கூறவல்லார். களத்தோரம் நின்றவர் கூறலாகாது.

சட்டமும் இதை உணர்ந்தே அமைந்துள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, உடன்பட்டு விளையாடும் இருவரை எடுத்துக்காட்டாகக் கூறியது. வாட்போர் விளையாட்டில் இறங்குவோர், ஏமாற்றின்றி ஆடும்போது நேரக்கூடிய தீங்கைத் தாங்க ஒப்புக்கொண்டவர்களே. அவ்வாறு முறைப்படி ஆடுகையில் ஒருவர் மற்றவரைக் காயப்படுத்திவிட்டால் அது குற்றம் ஆகாது என்பது அதன் கருத்து. முறையான செயலை உரிய கவனத்தோடு செய்கையில் தற்செயலாக நேர்வது குற்றமன்று என 80ஆம் பிரிவு கூறியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்விரு கருத்துகளும் 25, 18 ஆகிய பிரிவுகளில் இடம்பெற்றுள்ளன.

ஆகவே, காவல் துறை வழக்குப் பதிவு செய்தது என்ற செய்தியைக் கேட்டதும் எவரோ குற்றவாளி ஆகிவிட்டதாக எண்ணுதல் தவறு. இயற்கைக்கு மாறான மரணம் எதுவாயினும் அதன் காரணத்தைக் கண்டறியக் காவல் துறை விசாரித்தே ஆகவேண்டும். அவ்விசாரணை இறந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதைகளுள் ஒன்று. போட்டியை நடத்தியவர்கள் அதைக் கண்டு அஞ்சி ஒளிவதும், ‘ஊர்ப் பெயர் கெடும்’ என்று பேசி முடிக்கப் பார்ப்பதும், பெற்றோரின் உள்ளத்தில் ஆறாத ஐயத்தை விதைத்துவிடும்.

முதல் சில நிமிடங்கள்

பொது மக்கள் முன்னிலையில் நாம் காட்டும் முதல் பதில் சொல் அன்று, செயல். ஒருவர் விழுந்ததும் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். மற்றொருவர் சோடா வாங்கி வர ஓடுகிறார். இன்னொருவர் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிறார். எல்லாம் அன்பினால் செய்வனவே. எனினும் அவற்றால் பயன் இல்லை, சிலவற்றால் கேடும் உண்டு. நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடும். கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் தண்டுவடம் சேதமடையலாம்.

செய்ய வேண்டியது இதுதான். அழைத்தும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், ஒருவர் உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மற்றொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை அழுத்த வேண்டும். உதவி வரும் வரை நிறுத்தலாகாது. இதயம் நின்றபின் இவ்வுதவி இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கின்றது. பத்து நிமிடம் சென்றபின் காரில் ஏற்றிப் பறப்பதில் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை.

2021ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், கோபன்ஹேகன் நகரில் டென்மார்க்கிற்கும் பின்லாந்திற்கும் இடையே நடந்த கால்பந்துப் போட்டியில் கிறிஸ்டியன் எரிக்சன் என்ற ஆட்டக்காரர் இதயம் நின்று விழுந்தார். மருத்துவர்கள் மார்பை அழுத்தியும், மின்னதிர்வுக் கருவியைக் கொண்டும் களத்திலேயே அவரை உயிர்ப்பித்தனர். அப்போது அவருடைய அணியினர் செய்தது உலகத்தார் நெஞ்சை உருக்கியது. அவர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்றனர். முகங்களை வெளிப்புறம் திருப்பிக்கொண்டனர். எந்தப் படக் கருவியும் தம் தோழனின் துடிப்பைக் காணாதவாறு தம் உடம்பையே திரையாக்கினர். அணித்தலைவர் சைமன் கியார், களத்தோரம் அழுது நின்ற எரிக்சனின் துணைவியை அணைத்துத் தேற்றினார். அடுத்த ஆண்டே எரிக்சன் மீண்டும் ஆட வந்தார்.

நாமும் வட்டமாகத்தான் நிற்கிறோம். ஆனால் நம் முகங்கள் உள்நோக்கி இருக்கின்றன. கையில் கைப்பேசியும் இருக்கிறது.

படம் பிடிக்கும் கை

போட்டியைப் படம் பிடிப்பதில் தவறில்லை. தம் ஊர்ப் பிள்ளையின் ஆட்டத்தை வெளியூரில், வெளிநாட்டில் உள்ள உறவினர் காண வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசையே. விழுந்தவர் எழவில்லை என்று தெரிந்த அக்கணத்தோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கையில் உள்ள படம் விசாரணை அதிகாரிக்கு உரியது, ஊராருக்கு உரியதன்று.

எரிக்சன் விழுந்த காட்சியைத் தொடர்ந்து காட்டியதற்காகப் பி.பி.சி. நிறுவனம் நேயர்களிடம் வருத்தம் தெரிவித்தது. பெரிய நிறுவனம் ஒன்று செய்த அக்காரியத்தை நாம் செய்ய இயலாதா? ‘பகிர்ந்துவிட்டேன், தவறு, நீக்கிவிட்டேன், நீங்களும் நீக்கிவிடுங்கள்’ என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? மகன் எப்படி இருந்தான் என்று எண்ணிப் பார்க்க ஆயிரம் நல்ல நினைவுகள் ஒரு தாய்க்கு உண்டு. அவற்றை எல்லாம் தள்ளிவிட்டு, அந்தக் கடைசிச் சில நொடிகளை எதிரில் வருவோர் போவோர் கைகளில் எல்லாம் அவர் காணும்படி செய்தல் கொடுமையாகும். துயரத்தைப் பரப்புகிறோம் என்று நினைத்து வேடிக்கையைப் பரப்பிவிடுகிறோம்.

யார் சொல்வது? எதைச் சொல்வது?

இறந்த செய்தி முதலில் குடும்பத்தாருக்கு, நேரில், அறிந்தவர் ஒருவர் வாயிலாகச் சென்று சேர வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவித்து அதன் மூலம் தந்தை அறிதல் கூடாது. அதன் பின்னரே பொது அறிவிப்பு. அதையும் போட்டிக் குழுவின் சார்பில் ஒருவரே தருதல் வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினால் பதினோராவது ஒருவன் பொய்யைச் சேர்த்துவிடுவான்.

அறிவிப்பு நீளமாக இருத்தல் வேண்டா. ‘இன்று மாலை நம் ஊரில் நடந்த போட்டியில் ஆட்டக்காரர் ஒருவர் விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் உயிர் பிரிந்தார். அவர் குடும்பத்தாரின் துயரில் நாங்களும் பங்கு கொள்கிறோம். மரணத்தின் காரணத்தை மருத்துவர்கள் தெரிவிப்பர். போட்டி நிறுத்தப்பட்டது. காணொளி வைத்திருப்போர் அதைப் பரப்பாமல் எங்களிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.’ இவ்வளவு போதும். யார் பிடித்தார், எப்படிப் பிடித்தார் என்ற விவரமே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2014ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், சிட்னி மைதானத்தில் பிலிப் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலிய வீரர் கழுத்தில் பந்து பட்டு விழுந்தார். 27ஆம் நாள் இறந்தார். 26 வயது நிறைய மூன்று நாள் இருந்தது. அணி மருத்துவர் பத்திரிகையாளர் முன் வந்து, கழுத்துக் குருதிக்குழல் கிழிந்து மூளையைச் சுற்றிக் குருதி பாய்ந்ததையும், அது மிக அரிதாக நேர்வது என்பதையும் எளிய சொற்களில் விளக்கினார். அணித்தலைவர் மைக்கேல் கிளார்க் குடும்பத்தாரின் அறிக்கையை வாசித்தார். உண்மை முதலிலேயே வெளிவந்தமையால் வதந்திக்கு இடம் குறைந்தது.

எனினும் அங்கும் எல்லாம் இனிதே முடிந்துவிடவில்லை. 2016இல் நடந்த மரண விசாரணையில், அன்றைய ஆட்டத்தில் மிரட்டும் பேச்சு இருந்ததா, ஆபத்தான பந்துகள் தொடர்ந்து வீசப்பட்டனவா என்ற கேள்விகள் எழுந்தன. சக வீரர்கள் பலர் ‘நினைவில்லை’ என்றனர். மனம் நொந்த குடும்பத்தார் விசாரணையின் முடிவுக்குக் காத்திராமல் வெளியேறினர். எவரும் குற்றவாளி அல்லர் என்றே விசாரணை அதிகாரி முடிவு கூறினார். மருத்துவ உதவியை அழைக்கும் ஏற்பாட்டில் குறை இருந்தது என்றும், எனினும் மரணத்திற்கு அது காரணமன்று என்றும் அவர் எடுத்துரைத்தார். நாம் கற்க வேண்டிய பாடம் இங்கே உள்ளது. மலர் வளையமும் புகழுரையும் எத்துணை இருப்பினும், கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காத வரை இழந்தவர் மனம் ஆறுவதில்லை.

எதிரே நின்றவர்

இனி, நாம் பெரிதும் மறந்துவிடும் மனிதரிடம் வருவோம்.

பண்ருட்டிக் காணொளியை எண்ணற்றோர் கண்டனர். அதில் மற்றொரு இளைஞரும் இருக்கிறார் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளை. அவரும் அன்று காலை ஆடத்தான் வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

இதை எழுதும் நானும் மூலையில் நின்று பிடிக்கும் ஆட்டக்காரன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர்ப் போட்டியில் நான் காலைப் பிடித்து இழுத்தபோது, பாடி வந்தவர் பின்புறமாக விழுந்தார். தலை தரையில் மோதியது. இரண்டு நிமிடம் அவருக்கு நினைவில்லை. அந்த இரண்டு நிமிடமும் கூட்டத்திலிருந்து கேட்ட குரல்கள் இன்றும் என் காதில் உள்ளன. ‘யாருடா பிடிச்சது?’ என்றது ஒரு குரல். என் அணியினரே என்னை விட்டுச் சற்று விலகி நின்றதாக எனக்குத் தோன்றியது. பிறகு அவர் கண் விழித்தார், எழுந்தார், மறுவாரம் சந்தையில் என்னைக் கண்டு, ‘என்ன தம்பி, பிடி நல்ல பிடிதான்’ என்று கையைப் பற்றினார். அக்கை என்னைப் பற்றியிராவிட்டால் நான் மீண்டும் களத்தில் இறங்கியிருக்க மாட்டேன். அவர் எழாமலே போயிருந்தால் என் கையைப் பற்ற யார் வந்திருப்பார்? இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டிய கேள்வி அதுவே.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 5ஆம் நாள் பெங்களூரில் கூட்டமைப்புக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. கோவாவின் டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் நாட்டு வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தம் இரண்டாம் கோலை அடித்த வேளையில் எதிரணிக் கோல் காவலருடன் மோதி விழுந்து இறந்தார். அக்கோல் காவலர் மோகன் பகான் அணியின் சுப்ரதா பால். இருபது வயதே நிரம்பாத இளைஞர். நாடெங்கும் பழி அவர் மேல் விழுந்தது. அவர் ஆடுவதினின்றும் இடைநீக்கம் செய்யப்பட்டார். களத்தோரத்தில் போதிய மருத்துவ ஏற்பாடு இருந்ததா என்ற கேள்வியும் எழுந்தது. ஆனால் மக்கள் நாவில் நின்றது அந்த இளைஞரின் பெயரே. அவர் அதையெல்லாம் தாங்கி மீண்டு வந்தார். 2011 ஆசியக் கோப்பையில் இந்தியாவின் கோல் காவலராக நின்று பாராட்டுப் பெற்றார். 2016இல் அருச்சுனா விருது பெற்றார். தாங்கும் வலிமை அவருக்கு இருந்தது. எல்லார்க்கும் இருக்கும் என்று நம்புவது எவ்வாறு?

சிட்னியில் அந்தப் பந்தை வீசியவர் ஷான் அபாட், வயது 22. முதல் நாளிலிருந்தே ஆஸ்திரேலிய வீரர்களும் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களும் ‘இது உன் குற்றமன்று’ என்று ஊரறியச் சொன்னார்கள். இரு வாரம் கழிந்து அவர் அதே மைதானத்தில் மீண்டும் பந்து வீச வந்தபோது கூட்டம் கைதட்டி வரவேற்றது. அவர் அப்போட்டியில் ஓர் இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மரணம் இரண்டு இடத்திலும் மரணமே. வேறுபட்டது விளையாட்டுலகம் பேசிய பேச்சு. எனவே பொது அறிவிப்பில், காரணம் தெளிவானதும், ‘விதிப்படி ஆடிய ஆட்டத்தில் நேர்ந்த விபத்து இது’ என்ற ஒரு வரியைத் தயங்காமல் சேர்க்க வேண்டும். இரு அணியினரும் சேர்ந்தே துக்க வீட்டிற்குச் செல்ல வேண்டும். எதிரே நின்ற இளைஞரைச் சில வாரங்களேனும் தனியே விடாமல், மூத்த ஆட்டக்காரர் ஒருவர் உடனிருந்து கவனித்துக்கொள்ள வேண்டும். உறங்க முடியவில்லை, உண்ண முடியவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நாணத்திற்குரியதன்று.

விதிக்கு மாறாக, வேண்டுமென்றே ஒருவர் தாக்கியிருந்தால் இஃது எதுவும் பொருந்தாது. அதை மறைக்க ‘விபத்து’ என்ற சொல்லைப் பயன்படுத்துதல் மற்றொரு குற்றம். எது எது என்று முடிவு செய்ய விசாரணை உள்ளது. அதுவரை நாவடக்கம் வேண்டும்.

‘வீர மரணம்’ என்னும் சொல்

நம் மாவட்டத்தில் ஒருவர் இறந்தால் விடிவதற்குள் ‘கண்ணீர் அஞ்சலி’ பலகை சாலையோரம் நின்றுவிடும். அஞ்சலி செலுத்துவோர் படங்கள் பெரிதாகவும், இறந்தவர் படம் சிறிதாகவும் அதில் இருப்பதைப் பார்க்கிறோம். விளையாட்டு வீரர் என்றால் ‘களத்தில் வீர மரணம்’ என்ற தொடரும் சேர்ந்துகொள்ளும்.

சொல்லுவோர் நோக்கம் நல்லதே. ஆயினும் சற்றுச் சிந்திக்க வேண்டும். போர்க்களம் வேறு, ஆடுகளம் வேறு. அவர் சாவதற்காகக் களம் இறங்கவில்லை. வென்றால் கோப்பையோடும் தோற்றால் புழுதியோடும் வீடு திரும்பவே இறங்கினார். ‘வீர மரணம்’ என்று போற்றும்போது, அது தவிர்த்திருக்கக் கூடிய மரணமா என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. அச்சொல்லைக் கேட்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தலை சுற்றுகிறது என்று சொல்வது கோழைத்தனம் என்று கற்றுக்கொள்கிறான்.

அதன் விளைவு என்னவாகும் என்பதற்கு ராமன் லாம்பாவின் மரணம் சான்று. இந்தியாவுக்காக ஆடிய அவர், 1998 பிப்ரவரி 20ஆம் நாள் டாக்கா நகரில் மட்டையாளருக்கு மிக அருகில், தலைக்கவசம் அணியாமல் தடுப்பாட்டத்தில் நின்றார். பந்து தலையில் பட்டது. முதலில் பெரிய காயமாகத் தோன்றவில்லை. எழுந்து நடந்தே களத்தை விட்டுச் சென்றார். உள்ளே குருதி கசிந்துகொண்டிருந்தது. 23ஆம் நாள் இறந்தார், வயது 38. ‘ஒன்றுமில்லை, ஆடுகிறேன்’ என்று சொல்பவரை உட்கார வைக்கும் துணிவு நடுவருக்கும் அணித்தலைவருக்கும் வேண்டும்.

போட்டியை நிறுத்துவதா, தொடர்வதா?

அன்றைய போட்டி அன்றே நிறுத்தப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஹியூஸ் இறந்தபோது, கடல் கடந்து சார்ஜாவில் நடந்துகொண்டிருந்த பாகிஸ்தான்–நியூசிலாந்து ஆட்டமே ஒரு நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்திய அணியுடன் நடக்கவிருந்த ஆட்டங்களின் நாள்கள் மாற்றப்பட்டன. விராட் கோலி முதலியோர் இறுதிச் சடங்கிற்குச் சென்றனர். பரிசுப் பணம் வீணாகும், வெளியூர் அணிகள் வந்துவிட்டன, ஒளிவிளக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது என்பன எல்லாம் காரணங்கள் ஆகா.

என்றென்றைக்கும் நிறுத்திவிடுதலும் முறையன்று. சில ஊர்களில் அச்சத்தால் ஆட்டத்தையே ஒழித்துவிடப் பேசுவர். அது பிழைத்திருப்பவரைத் தண்டிப்பதாகும். இடைவெளி விட்டு, குறைகளைத் திருத்தி, குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குவதே தக்கது.

நினைவு எவ்வாறு நிலைக்கும்?

ஓராண்டு கழிந்ததும் ‘நினைவுச் சுழற்கோப்பை’ என்று ஒரு போட்டி நடத்துவது நம் வழக்கம். நல்ல வழக்கந்தான். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று நடத்த வேண்டும். அந்தக் கோப்பைப் போட்டியிலேயே களத்தோரம் முதலுதவி தெரிந்த ஒருவர்கூட இல்லை என்றால், அது நினைவும் ஆகாது, அஞ்சலியும் ஆகாது.

கல்கத்தாவில் 1980 ஆகஸ்டு 16ஆம் நாள், ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் ஈடன் தோட்ட மைதானத்தில் 16 பார்வையாளர்கள் மாண்டனர். அந்நாளை அந்நகரத்தார் கால்பந்து அன்பர் நாளாக நினைவுகூர்ந்து குருதிக் கொடை முகாம்கள் நடத்துகின்றனர். போன உயிர்கள் திரும்பா. எனினும் எங்கோ ஒருவர் பிழைக்கிறார். இதைவிட உயர்ந்த அஞ்சலி எது? நம் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகளுக்கு இஃது ஒன்றும் புதிய வேலையன்று.

வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கடலூர்த் தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களை வாரிச் சென்றது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். அத்தோடு நாடு நின்றுவிடவில்லை. 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. பாலும் மலரும் போனவர்க்கு. எச்சரிக்கை மணி இருப்பவர்க்கு. இரண்டும் சேர்ந்ததே முழுமையான அஞ்சலி.

ஹியூஸின் மரணத்திற்குப் பின்னும் அவ்வாறே மாற்றங்கள் வந்தன. தலையில் அடிபட்டு நிலைகுலைந்தவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரர் இறங்கலாம் என்ற விதி 2019 ஆகஸ்டு முதல் பன்னாட்டுப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. கழுத்துக் காப்பு அணிவது ஆஸ்திரேலியாவில் 2023இல் கட்டாயமாக்கப்பட்டது.

நம் ஊர்ப் போட்டிகளுக்கு இவ்வளவு செலவு தேவைப்படாது. களத்தில் கல்லும் கண்ணாடித் துண்டும் இன்றி மணலைக் கிளறிப் பரப்புதல். வயதும் எடையும் பார்த்துப் பிரித்தல். காய்ச்சலோடும் பசியோடும் வந்தவரை ஆட விடாமை. மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கக் கற்ற இருவரைக் களத்தோரம் நிறுத்துதல். ஒரு வண்டியை வழி மறிக்காமல் ஆயத்தமாக வைத்தல். அருகிலுள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவித்தல். இவை போதும். காப்பீட்டையும் மறத்தலாகாது. 18 முதல் 70 வயது வரை உள்ளோர் வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரும் மைய அரசின் திட்டத்தில் விபத்து மரணத்திற்கு 2 இலட்சம் ரூபாய் உண்டு. ஆட வரும் அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் குழுவினர், ‘இதில் சேர்ந்துவிட்டாயா?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டால் என்ன? குடும்பத்திற்கென நிதி திரட்டினால், வங்கி வழியே திரட்டி, கணக்கை எழுதி ஒட்டி, முழுவதையும் சேர்ப்பிக்க வேண்டும். உறையைக் கையில் கொடுத்து அத்தாயின் கண்ணீரோடு படம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டா.

முடிவாக

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் உடற்கல்வி ஆசிரியராவோம்; சிலர் நடுவராவோம்; பலர் ஊருக்குத் திரும்பிப் போட்டி நடத்தும் குழுவில் இருப்போம். ஒலிபெருக்கி நம் கைக்கு வரும். அந்தக் கொடிய நாள் நம் களத்திற்கு ஒருபோதும் வராதிருக்கட்டும். வந்துவிட்டால், பேசத் தொடங்குமுன் அந்த மூவரை எண்ணிப் பார்ப்போம். தாய்க்கு உண்மையைச் சொல்வோம். அவள் மகனின் இறுதிக் கணத்தைத் தெருவில் வைக்காதிருப்போம். எதிரே நின்ற இளைஞன் பக்கத்தில் போய் நிற்போம். நாளை வரும் சிறுவனுக்காகக் களத்தைத் திருத்துவோம்.

விழுந்தவரைச் சுற்றி வட்டமாக நிற்பது நமக்குப் பழக்கம்தான். இனி முகத்தை மட்டும் வெளிப்புறம் திருப்பிக்கொள்ளக் கற்போம்.